மரபணு மறுகூட்டிணைவு எப்படி வேறுபாட்டை உண்டாக்குகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறுகூட்டிணைவு புதிய மரபணுக்களை உருவாக்குகிறதா?

பெரும்பாலும் இல்லை. டிஎன்ஏவில் இதுவரை இல்லாத ஓர் எழுத்தைக் கொண்டுவருவது திடீர்மாற்றத்தின் வேலை. பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய திடீர்மாற்றங்கள் ஒரு மனிதக் குழந்தையிடம் 60 முதல் 70 வரை இருக்கும். 300 கோடி எழுத்துகளில் இது சொற்பம். தாயை மட்டும் எடுத்துக்கொண்டால், தம் பெற்றோர் இருவரிடமிருந்தும் அவர் பெற்ற இரண்டு டிஎன்ஏ பிரதிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடங்கள் இருபது முப்பது லட்சம் தேறும். தந்தைக்கும் அப்படியே. இந்த இடங்களில் எந்த அல்லீல், அதாவது மரபணுவின் எந்த வடிவம், எதனோடு சேர்ந்து பிள்ளைக்குப் போகிறது என்பதை மாற்றியமைப்பதுதான் மறுகூட்டிணைவு.

ஆகவே அது தருவது புதிய சேர்க்கை. இயற்கைத் தேர்வின் முன் நிற்பது தனித்தனி அல்லீல் அல்ல, முழு உயிரி. அதனால் சேர்க்கை மாறினாலே விளைவும் மாறிவிடும். விதிவிலக்குகள் உண்டு: மரபணுவின் நடுவிலேயே குறுக்கேற்றம், அதாவது இரு ஒத்த குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, நடந்தால் இரண்டு பழைய அல்லீல்களிலிருந்து மூன்றாவது ஒன்று பிறக்கும். சமமற்ற குறுக்கேற்றம் மரபணுவின் எண்ணிக்கையையே மாற்றும். அதைத் தனியாகக் கீழே பார்க்கலாம்.

குரோமோசோம்கள் தனித்தனியாகப் பிரிவதே போதாதா? குறுக்கேற்றம் எதற்கு?

மனிதரின் 23 ஜோடிகளும் ஒன்றையொன்று பாராமல் பிரிகின்றன. அதில் மட்டுமே 2-இன் 23ஆம் அடுக்கு, அதாவது 83,88,608 வகை இனச்செல்கள் (விந்து அல்லது முட்டை) சாத்தியம். இந்த எண்ணைப் பாடப்புத்தகங்கள் பெருமையாகச் சொல்லிவிட்டு நின்றுவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. குறுக்கேற்றம் இல்லையென்றால் ஒவ்வொரு குரோமோசோமும் ஆயிரக்கணக்கான தலைமுறைகளுக்கு ஒரே கட்டாகப் போகும். அதிலுள்ள நூற்றுக்கணக்கான மரபணுக்களில் ஒன்று கெட்டால் மற்றவையும் அதனோடு சேர்ந்து மூழ்க வேண்டியதுதான். தனித்துப் பிரிதல் கட்டுகளைக் கலைத்துப் போடும். கட்டை அவிழ்ப்பது குறுக்கேற்றம் மட்டுமே.

செல்லுக்குள் இது எந்த வரிசையில் நடக்கிறது?

இடம், இனச்செல்களை உண்டாக்கும் குன்றல் பகுப்பின் முதல் நிலை. அதற்கு முன்பே டிஎன்ஏ இரட்டித்துவிட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு குரோமோசோமும் சகோதர குரோமாட்டிட்கள் என்ற இரண்டு பிரதிகளாக நிற்கும், ஒரு ஜோடியில் மொத்தம் நான்கு.

முதலில் ஸ்போ11 என்னும் புரதம் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் வேண்டுமென்றே வெட்டுகிறது. இது விபத்து அல்ல, நிரலில் உள்ள வேலை. சுண்டெலியில் ஒரு செல்லுக்கு 200 முதல் 300 இடங்களில் இப்படி வெட்டு விழும். அடுத்து, வெட்டின் இரு பக்கமும் 5′ முனையுள்ள இழை அரிக்கப்பட்டு, 3′ முனையுள்ள ஒற்றை இழை வால்போல் நீண்டு நிற்கும். அந்த வாலின்மேல் ராட்51, டிஎம்சி1 என்ற இரு புரதங்கள் வரிசையாக அமர்ந்து, தன்னைப் போன்ற எழுத்துவரிசையைத் தேடுகின்றன. சாதாரண செல்லில் உடைந்த டிஎன்ஏ பக்கத்திலேயே இருக்கும் சகோதர குரோமாட்டிட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். இங்கே அந்த எளிய வழிக்குத் தடை போடப்பட்டு, மற்றப் பெற்றோரிடமிருந்து வந்த ஒத்த குரோமோசோமை நாடும்படி செய்யப்படுகிறது. குறுக்கேற்றம் தரும் வேறுபாடு முழுவதும் இந்த ஒரு தடையைத்தான் நம்பியிருக்கிறது என்றே சொல்லலாம், ஏனெனில் சகோதர குரோமாட்டிட்கள் ஒன்றுபோலவே இருப்பவை. அவற்றுக்குள் என்ன மாறினாலும் பயனில்லை.

இணை கிடைத்ததும் வால் அதற்குள் நுழைந்து, அதை அச்சாக வைத்து இழந்த பகுதியை எழுதிக்கொள்ளும். இதற்குள் இரு குரோமோசோம்களும் சினாப்டோனீமல் தொகுதி என்ற புரதச் சட்டத்தால் நீளவாக்கில் இணைந்திருக்கும். இதுவே பாக்கிடீன் நிலை. சில இடங்களில் நான்கு இழைகளும் பின்னிக்கொண்டு ஹாலிடே சந்தி உருவாகும். 1964இல் ராபின் ஹாலிடே முன்வைத்த கருத்து அது; இரட்டை இழை வெட்டிலிருந்து தொடங்கும் இன்றைய வடிவம் 1983இல் வந்தது. அந்தச் சந்தியை எம்எல்எச்1, எம்எல்எச்3 ஆகிய புரதங்கள் ஒரு குறிப்பிட்ட விதமாக வெட்டிவிட்டால் குறுக்கேற்றம் முடிந்தது. இணைச் சட்டம் கழன்ற பிறகு நுண்ணோக்கியில் கயாஸ்மா என்ற குறுக்குப் பிணைப்பாகத் தெரிவது இதன் தடயம்தான்.

எல்லா வெட்டும் குறுக்கேற்றமாக முடியுமா?

இல்லை. சுண்டெலியில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் அப்படி முடிகிறது. மிச்சத்தில் நுழைந்த இழை சிறிது தூரம் எழுதிவிட்டு, வெளியே வந்து தன் பழைய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளிப்பக்க மரபணுக்கள் இடம் மாறுவதில்லை. ஆனால் வெட்டு விழுந்த சிறு துண்டில் ஓர் அல்லீல் மற்றொன்றாக மாறியிருக்கும். இதற்கு மரபணு மாற்றீடு என்று பெயர். நீண்ட துண்டுகளைக் கலைப்பது குறுக்கேற்றம். மிக நெருங்கிய இரு எழுத்துகளைப் பிரிப்பதில் பெரும்பங்கு இந்த மாற்றீட்டுக்கு. மக்கள்தொகை ஆய்வுகளில் இதை மறந்துவிட்டு, சில நூறு எழுத்துகளுக்குள் தெரியும் கலப்பைக் குறுக்கேற்றக் கணக்கில் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

குறுக்கேற்றம் எங்கு வேண்டுமானாலும் நடக்குமா?

நடக்காது. மனித மரபணுத்தொகையில் ஏறத்தாழ 80% மறுகூட்டிணைவு 10 முதல் 20% பகுதிக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்றிரண்டு ஆயிரம் எழுத்துகள் நீளமுள்ள ‘சூடான இடங்கள்’ பல்லாயிரம் இருக்கின்றன. மனிதரிலும் சுண்டெலியிலும் அவற்றைத் தேர்வது பிஆர்டிஎம்9 என்ற புரதம் என்பது 2010இல் தெளிவானது. துத்தநாக விரல்கள் எனப்படும் அதன் பகுதிகள் ஒரு குறிப்பிட்ட எழுத்துவரிசையைப் பிடித்து, அருகிலுள்ள ஹிஸ்டோனில், அதாவது டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதத்தில், மெதில் குறி இடும். அந்தக் குறி விழுந்த இடத்தருகே ஸ்போ11 வெட்டும்.

இதில் ஒரு விநோதம் உண்டு. வெட்டுப்பட்ட குரோமோசோம்தான் மற்றதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். எனவே வெட்டை ஈர்க்கும் எழுத்துவரிசை தலைமுறைக்குத் தலைமுறை தானே அழிந்துகொண்டு வரும். பிஆர்டிஎம்9இன் விரல்களோ மிக வேகமாக மாறி, வேறு வரிசைகளைப் பிடிக்கத் தொடங்கும். மனிதருக்கும் சிம்பன்சிக்கும் டிஎன்ஏ இவ்வளவு ஒத்திருந்தும் சூடான இடங்கள் ஏறக்குறைய எதுவுமே பொதுவாக இல்லை என்பதற்குக் காரணம் இதுதான். நாய்களில் இந்தப் புரதம் செயலிழந்துவிட்டது, பறவைகளில் இல்லவே இல்லை. அங்கெல்லாம் மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளில் வெட்டு விழுகிறது, இடங்களும் நெடுங்காலம் நிலைக்கின்றன.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவா?

மனிதரில் ஒரு விந்துச்செல்லில் சராசரியாக 26 குறுக்கேற்றங்கள், முட்டையில் 42 என்ற அளவில் இருக்கும். ஆணில் அவை குரோமோசோமின் நுனிப்பக்கம் கூடும். பழ ஈயில் ஆணுக்குக் குறுக்கேற்றமே கிடையாது. பட்டுப்பூச்சியில் பெண்ணுக்குக் கிடையாது. ஆகவே பழ ஈயில் பிணைப்பை, அதாவது இரு மரபணுக்கள் எவ்வளவு சேர்ந்தே போகின்றன என்பதை, அளப்பவர், இரு வகை அல்லீல்களும் உள்ள பெற்றோர் பெண் ஈயாக இருப்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். மாற்றிக் கலந்தால் மறுகூட்டிணைவுச் சந்ததி ஒன்றுகூடக் கிடைக்காது, மரபணுக்கள் ஒட்டிப் பிறந்தவைபோல் தெரியும்.

உயிரினத்துக்கு உயிரினமும் அளவு மாறும். பத்து லட்சம் எழுத்துகளுக்கு மனிதரில் சுமார் 1.2 சென்டிமார்கன், தேனீயில் 20க்கு அருகே.

சென்டிமார்கன் என்றால் என்ன? எப்படி அளப்பது?

நூறு இனச்செல்களில் ஒன்றில் இரண்டு மரபணுக்கள் பிரிந்துபோனால் அவற்றுக்கிடையே தூரம் 1 சென்டிமார்கன். தாமஸ் ஹன்ட் மார்கனின் மாணவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் பழ ஈயின் எக்ஸ் குரோமோசோமிலுள்ள மரபணுக்களை இந்த அளவுகோலால் வரிசைப்படுத்தி 1913இல் வெளியிட்டதுதான் முதல் மரபணு வரைபடம். மரபணுக்களோடு குரோமோசோம் துண்டும் உண்மையிலேயே இடம் மாறுகிறது என்பதை 1931இல் ஹாரியட் கிரைட்டனும் பார்பரா மெக்கிளின்டாக்கும் மக்காச்சோளத்தின் 9ஆம் குரோமோசோமில் காட்டினார்கள்.

செய்துபார்க்க ஒரு மாதிரிக் கணக்கு. மூன்று மரபணுக்கள் க, ச, ட. ஓங்கு வடிவத்துக்கு 1, ஒடுங்கு வடிவத்துக்கு 2 என்று குறிப்போம். ஒரு பெற்றோரிடமிருந்து க1 ச1 ட1, மற்றவரிடமிருந்து க2 ச2 ட2 பெற்ற உயிரியை, எல்லாம் ஒடுங்கு வடிவமாக உள்ள இணையோடு சோதனைக் கலப்பு செய்கிறோம். 1,000 சந்ததியில் அந்த உயிரியின் பங்காக வந்தவை இப்படி அமைகின்றன என்று கொள்வோம்:

க1 ச1 ட1: 390
க2 ச2 ட2: 400
க1 ச2 ட2: 62
க2 ச1 ட1: 58
க1 ச1 ட2: 41
க2 ச2 ட1: 43
க1 ச2 ட1: 4
க2 ச1 ட2: 2

அதிகமாக உள்ள இரண்டும் பெற்றோர் வகை. மிகக் குறைந்த இரண்டும் இரட்டைக் குறுக்கேற்றம். பெற்றோர் வகையோடு ஒப்பிட்டால் இந்த இரண்டிலும் ச மட்டுமே இடம் மாறியிருக்கிறது. ஆகவே ச நடுவில். க–ச தூரம்: (62 + 58 + 4 + 2) / 1,000 = 12.6 சென்டிமார்கன். ச–ட தூரம்: (41 + 43 + 4 + 2) / 1,000 = 9.0. க–ட இரண்டையும் கூட்டினால் 21.6. நடுவிலுள்ள ச-வைப் பாராமல் க-வையும் ட-வையும் நேராக எண்ணினால் 204, அதாவது 20.4 தான் வரும். விடுபட்ட 1.2, அந்த ஆறு இரட்டைக் குறுக்கேற்றங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு குறுக்கேற்றம் என்பதால் பன்னிரண்டு. வெளி மரபணுக்களை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அவை பெற்றோர் வகையாகவே தெரியும்.

இன்னும் ஒன்று. இரு பகுதிகளும் ஒன்றையொன்று பாதிக்காவிட்டால் இரட்டை வகை 0.126 × 0.09 × 1,000 = 11.3 வந்திருக்க வேண்டும். வந்தது 6. ஒரு குறுக்கேற்றம் தன் அருகே இன்னொன்று வராமல் தடுக்கிறது. இந்தக் கணக்கில் குறுக்கீட்டு அளவு 1 − 6/11.3, அதாவது 0.47.

மறுகூட்டிணைவு விகிதம் 50%ஐத் தாண்டாதது ஏன்?

ஒரு குறுக்கேற்றத்தில் நான்கு குரோமாட்டிட்களில் இரண்டுதான் பங்கேற்கும். மற்ற இரண்டும் பழையபடியே. ஆகவே எல்லாச் செல்லிலும் ஒரு குறுக்கேற்றம் நடந்தாலும் பாதி இனச்செல்கள்தான் புதியவை. தொலைவு கூடும்போது இரண்டாவது குறுக்கேற்றம் முதலாவதை அவ்வப்போது மறைத்துவிடும். எண்ணிப் பெற்ற விகிதத்தை உண்மைத் தூரமாக மாற்ற ஹால்டேன் 1919இல் தந்த சமன்பாடு: தூரம் = −50 × மடக்கை(1 − 2 × விகிதம்), மடக்கை இயல் மடக்கை. விகிதம் 0.20 என்றால் தூரம் 20 அல்ல, 25.5 சென்டிமார்கன். குறுக்கீட்டை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அதனால் சற்றே மிகைப்படுத்தும்.

வரைபடம் தவறாக வருவதற்கு என்னென்ன காரணம்?

முதல் சந்தேகம் வகைப்பாட்டுப் பிழையின்மேல் விழ வேண்டும். நெருக்கமாக வைத்த குறிகளில், அதாவது குரோமோசோமில் இடம் காட்டும் அடையாள வரிசைகளில், நடுவில் ஒன்றைத் தவறாகப் படித்தால், அதன் இரு பக்கமும் இல்லாத இரண்டு குறுக்கேற்றங்கள் முளைத்துவிடும். 1% பிழை ஒவ்வொரு குறிக்கும் ஏறத்தாழ 2 சென்டிமார்கன் கூட்டும். 1 சென்டிமார்கனுக்கு ஒரு குறி வைத்த வரைபடம் இதனால் மும்மடங்கு ஊதிப்போகும். ஒரே தனியுயிரியில் ஒரு சென்டிமார்கன் இடைவெளிக்குள் இரட்டைக் குறுக்கேற்றம் தெரிந்தால், உயிரியலை ரசிப்பதற்கு முன் அந்த மாதிரியை மறுபடி படித்துவிடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கைப் பற்றாக்குறை. 1 சென்டிமார்கன் தொலைவில் ஒரு மறுகூட்டிணைவாவது 95% உறுதியோடு கிடைக்க 299 சந்ததி வேண்டும்; 0.1 சென்டிமார்கனுக்கு 2,995. ஐம்பது அறுபது சந்ததியை வைத்துக்கொண்டு ‘முழுமையான பிணைப்பு’ என்று எழுதுவதில் பொருளில்லை. அந்த எண்ணிக்கை 5 சென்டிமார்கனைப் பிடிப்பதற்கே மட்டுமட்டு. ஏதாவது ஒரு வகை முளைக்காமலோ குஞ்சாகவே செத்தோ போனாலும் விகிதம் சாயும். ஒவ்வொரு மரபணுவையும் தனியாக எண்ணி 1:1 வருகிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. ஒரு நீண்ட பகுதியில் குறுக்கேற்றமே தென்படாவிட்டால், பெற்றோரில் ஒருவருக்குத் தலைகீழ்த் திருப்பம், அதாவது குரோமோசோம் துண்டு ஒன்று புரண்டு அமைந்த நிலை, இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓர் இனக்கூட்டத்தில் மறுகூட்டிணைவு உண்மையில் எதை மாற்றுகிறது?

அல்லீல்களின் விகிதத்தை அல்ல. மரபணு மாற்றீட்டில் வரும் சிறு சாய்வைத் தவிர, மறுகூட்டிணைவுக்கு முன்பும் பின்பும் க1-இன் பங்கு அதேதான். மாறுவது, க1 எந்த அல்லீலோடு சேர்ந்து காணப்படுகிறது என்பது. இதைப் பிணைப்புச் சமநிலையின்மை என்கிறார்கள். கணக்கு எளிது: க1 ச1 சேர்ந்திருக்கும் குரோமோசோம்களின் பங்கிலிருந்து, க1-இன் பங்கையும் ச1-இன் பங்கையும் பெருக்கி வருவதைக் கழித்தால் கிடைப்பது அதன் அளவு. ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த அளவு (1 − மறுகூட்டிணைவு விகிதம்) மடங்காகக் குறையும்.

பாதி குரோமோசோம்கள் க1 ச1, பாதி க2 ச2 என்று தொடங்கினால் அளவு 0.5 − 0.25 = 0.25. வெவ்வேறு குரோமோசோம்களில் இருக்கும் மரபணுக்களுக்கு இது ஒரே தலைமுறையில் 0.125 ஆகிவிடும். 1 சென்டிமார்கன் தொலைவில் இருப்பவற்றுக்குப் பாதியாகக் குறையவே 69 தலைமுறை பிடிக்கும். நோயோடு தொடர்புள்ள மரபணுக்களை அருகிலுள்ள குறிகளைக் கொண்டு தேட முடிவது இந்த மந்தத்தால்தான்.

அப்படியானால் வேறுபாடு எப்போதும் கூடுமா?

கூட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த இடத்தில்தான் மிகுதியான குழப்பம். ஒரு பண்புக்கு இரண்டு மரபணுக்கள், ஒவ்வொன்றின் ‘கூட்டல்’ அல்லீலும் அளவில் 1 சேர்க்கிறது, ‘கழித்தல்’ அல்லீல் எதுவும் சேர்ப்பதில்லை என்று கொள்வோம்.

இனக்கூட்டத்தில் பாதி குரோமோசோம்கள் கூட்டல்–கழித்தல், மறுபாதி கழித்தல்–கூட்டல் என்றால் எல்லாவற்றின் மதிப்பும் 1. மாறுபாடு (சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களின் சராசரி) பூச்சியம். இரண்டு மரபணுவிலும் அல்லீல்கள் வேறுபட்டிருந்தும் வெளியே எதுவும் தெரியாது, தேர்வுக்குப் பிடிகிடைக்காது. மறுகூட்டிணைவு நெடுநாள் நடந்து நான்கு வகைகளும் சமமானதும் மதிப்புகள் 2, 1, 1, 0, மாறுபாடு 0.5. பெற்றோர் எவரிடமும் இல்லாத இரண்டு எல்லைகளும் தோன்றிவிட்டன. நடுத்தர உயரமுள்ள இரு வகைகளைக் கலந்தால் பேரப்பிள்ளைகளில் இருவரையும் மிஞ்சும் நெட்டையும் குட்டையும் வருவது இப்படித்தான்.

இப்போது மறுபக்கம். பாதி குரோமோசோம்கள் கூட்டல்–கூட்டல், பாதி கழித்தல்–கழித்தல் என்று தொடங்கினால் மதிப்புகள் 2, 0, மாறுபாடு 1. மறுகூட்டிணைவுக்குப் பின் அதே 0.5க்கு இறங்கும். மறைந்திருந்ததை வெளிக்கொண்டுவரும் அதே செயல், வெளியே இருந்ததை மறைக்கவும் செய்கிறது. இயற்கைத் தேர்வு நடுத்தரத்தை நெடுங்காலம் ஆதரித்த இனக்கூட்டங்களில் முதல் வகை நிலைமையே மிகும் என்பதால், சூழல் திடீரென மாறும்போது மறுகூட்டிணைவு உதவிக்கு வருகிறது. சூழல் மாறாத இடத்தில் நன்றாக அமைந்த சேர்க்கைகளை அது உடைக்கிறது. அந்த இழப்பும் உண்மையானதே.

மறுகூட்டிணைவே இல்லாமல் போனால்?

இரண்டு நல்ல திடீர்மாற்றங்கள் இரு வேறு உயிரிகளில் தோன்றினால் அவை ஒரே உடலில் சேர வழியில்லை. ஒன்று வெல்ல, மற்றது தொலையும். ஃபிஷர் 1930இலும் முல்லர் 1932இலும் சொன்ன வாதம் இது. கெட்ட மாற்றங்களுக்கும் இதே கதி. மிகக் குறைந்த சுமையுள்ள வரிசை தற்செயலாக அழிந்துவிட்டால் அதை மீண்டும் அமைக்க முடியாது. சுமை ஒரு பக்கமாக மட்டுமே ஏறும். இதை முல்லரின் பற்சக்கரம் என்கிறார்கள், 1964.

கண்ணெதிரே உள்ள சான்று ஒய் குரோமோசோம். மனிதரில் அதன் 95% பகுதி எக்ஸோடு கலப்பதில்லை. எக்ஸில் 800க்கு மேல் மரபணுக்கள் இருக்க, ஒரு காலத்தில் அதற்கு இணையாக இருந்த ஒய் பெரும்பாலானவற்றை இழந்துவிட்டது. நுனியில் 27 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதியில்தான் பெரும்பாலும் இரண்டும் இணையும். ஆணின் ஒவ்வொரு குன்றல் பகுப்பிலும் அந்தச் சிறு இடத்தில் ஒரு குறுக்கேற்றம் நடந்தாக வேண்டும், இல்லையேல் எக்ஸும் ஒய்யும் சரியாகப் பிரியாது.

வேண்டுமென்றே குறுக்கேற்றத்தை அடக்கிய உயிரினங்கள் உண்டா?

உண்டு. ரஃப் எனப்படும் உள்ளான் பறவையில் ஆண்கள் மூன்று வகை: இடம்பிடித்துச் சண்டையிடுபவை, அவற்றை ஒட்டி நிற்கும் வெளிர்நிறத் துணைகள், பெண்ணைப் போலவே தோன்றி ஊடுருவுபவை. உடல், நிறம், நடத்தை எல்லாம் ஒரே கட்டாக மரபுரிமையாகின்றன. காரணம், சுமார் 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தலைகீழாகத் திரும்பிய, 45 லட்சம் எழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டு. திரும்பியதும் திரும்பாததும் ஒன்றுக்கொன்று இணைய முடியாததால் உள்ளிருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் பிரிவதில்லை. விலையும் உண்டு: திருப்பம் ஒரு முக்கிய மரபணுவை உடைத்துவிட்டதால், இரண்டு பிரதியும் திரும்பியவையாக இருக்கும் குஞ்சு பிழைப்பதில்லை.

குறுக்கேற்றம் பிசகினால் என்ன ஆகும்?

ஒன்றுபோலுள்ள இரு தொடர்கள் அருகருகே இருந்தால் இணை தப்பி, தவறான ஜோடியோடு குறுக்கேற்றம் நடக்கும். ஒரு குரோமோசோமில் அந்தப் பகுதி இரண்டாகும், மற்றதில் காணாமல் போகும். மேலே சொன்ன சமமற்ற குறுக்கேற்றம் இதுதான். 17ஆம் குரோமோசோமில் சுமார் 14 லட்சம் எழுத்துகள் இப்படி இரட்டித்தால் ஷார்கோ–மேரி–டூத் 1ஏ என்ற நரம்புநோய். அதே துண்டு இழந்தால் அழுத்தம் பட்டால் மரத்துப்போகும் வேறொரு நரம்புநோய். எக்ஸ் குரோமோசோமில் வரிசையாக நிற்கும் சிவப்பு, பச்சை நிற உணர்விக்கான மரபணுக்கள் மிகவும் ஒத்தவை. அவற்றுக்கிடையே நடக்கும் பிசகே ஆண்களின் சிவப்பு–பச்சை நிறக்குருடுக்கு முக்கியக் காரணம். ஆனால் அந்த இரண்டு மரபணுக்களும் ஒன்றாக இருந்து இரட்டித்தவைதான். இந்த வகைப் பிசகு பரிணாமத்துக்குப் புதிய மரபணுக்களையும் வழங்கியிருக்கிறது.

குறுக்கேற்றம் நடக்காமலே போவதும் ஆபத்து. கயாஸ்மா தான் ஜோடியைப் பிரியும்வரை கட்டிவைக்கிறது. மனிதப் பெண்ணில் இந்த வேலை அவளே கருவாக இருக்கும்போது முடிந்து, முட்டை பல பத்தாண்டு காத்திருக்கிறது. குறுக்கேற்றம் இல்லாத அல்லது இடம் தவறி அமைந்த 21ஆம் ஜோடி சரியாகப் பிரியாமல் டவுன் நோய்க்குறிக்கு வழிவிடும் வாய்ப்பு கூடுதல்.

பாக்டீரியாவும் வைரஸும் என்ன செய்கின்றன?

அவற்றுக்குக் குன்றல் பகுப்பு கிடையாது, ஆனாலும் கலக்கின்றன. செத்த பாக்டீரியாவின் பண்பு உயிருள்ளதற்குத் தாவுவதை கிரிஃபித் 1928இல் நிமோனியாக் கிருமியில் கண்டார். லெடர்பெர்க்கும் டேட்டமும் 1946இல் இணைவு மூலமான பரிமாற்றத்தைக் காட்டினார்கள். இங்கே ஒரு சிறு துண்டு ஒருவழியாகப் போகும், சமமான கைமாற்று அல்ல.

இன்ஃபுளுயன்சா ஏ வைரஸுக்கு எட்டுத் தனித்துண்டுகள். ஒரே செல்லை இரண்டு வகை வைரஸ்கள் தொற்றினால் 256 சேர்க்கைகள் சாத்தியம். 1957இன் பெருந்தொற்று வைரஸில் மூன்று துண்டுகளும் 1968இல் வந்ததில் இரண்டும் பறவை வைரஸிலிருந்து வந்தவை. கொரோனா வைரஸுக்கு ஒரே நீண்ட ஆர்என்ஏ. படியெடுக்கும் நொதி ஓர் இழையிலிருந்து மற்றதற்குத் தாவுவதால் அங்கே கலப்பு நடக்கிறது. 2022இல் பரவிய எக்ஸ்பிபி அப்படி இரண்டு ஒமைக்ரான் கிளைகள் சேர்ந்தது.

உடன்பிறந்தவர்கள் சரியாகப் பாதி டிஎன்ஏவைப் பகிர்கிறார்களா?

சராசரிதான் 50%. ஒவ்வொரு உடன்பிறப்பு ஜோடியிலும் அளந்து பார்த்தால் 37%க்கும் 62%க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கும். குறுக்கேற்றங்கள் சில டஜன் மட்டுமே என்பதால் துண்டுகள் பெரியவை, ஏற்றத்தாழ்வும் பெரியது. இதே காரணத்தால் பத்துத் தலைமுறைக்கு முந்தைய 1,024 மூதாதையரிடமிருந்து நமக்கு வந்திருப்பது ஏறத்தாழ 640 துண்டுகளே. அவர்களில் பலரிடமிருந்து ஓர் எழுத்துகூட வந்திருக்காது.

பயிர் மேம்பாட்டில் ஒரே ஒரு மரபணுவை மட்டும் கொண்டுவருவது ஏன் கடினம்?

வேண்டிய மரபணுவோடு பக்கத்துச் சரக்கும் வரும். காட்டு இனத்திலிருந்து நோய் எதிர்ப்பை எடுத்து நல்ல வகையோடு ஆறுமுறை பிற்கலப்பு செய்தால், அதாவது சந்ததியைத் திரும்பத் திரும்ப அதே நல்ல வகையோடு கலந்தால், மற்றக் குரோமோசோம்களில் 99%க்கு மேல் நல்ல வகை திரும்பிவிடும். ஆனால் அந்த மரபணுவைச் சுற்றி, ஒரு பக்கம் 16 சென்டிமார்கன் வீதம், சராசரியாக 30க்கும் மேல் காட்டுத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். விளைச்சலைக் குறைக்கும் மரபணு அதற்குள் இருந்தால் உழைப்பு வீண்.

வழி, குறிகளைக் கொண்டு குறுக்கேற்றத்தைத் தேடுவது. மரபணுவின் ஒரு பக்கம் 2 சென்டிமார்கனுக்குள் முறிவு வேண்டுமென்றால், மரபணுவைத் தாங்கிய 149 செடிகள் வேண்டும் (95% உறுதிக்கு). பிற்கலப்பில் பாதிச் செடிகளே அதைத் தாங்கும், ஆக 300 நாற்றுகள். இரண்டு பக்கமும் ஒரே தலைமுறையில் வேண்டும் என்று கேட்டால் 7,488 தாங்கிகள் தேவை. குறுக்கீட்டைச் சேர்த்தால் அதுவும் போதாது. ஆகவே முதல் தலைமுறையில் ஒரு பக்கம், அடுத்ததில் மறுபக்கம் என்று பிரித்துச் செய்கிறார்கள்: 300 + 300 நாற்றில் வேலை முடியும். வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் சப்1 நெல் வகைகள் குறிகளின் துணையோடு செய்த இத்தகைய பிற்கலப்பில் வந்தவை.

மரபணு குரோமோசோமின் நடுப்பகுதியில் இருந்தால் இந்தக் கணக்கு சென்டிமார்கனில் மட்டுமே செல்லும். கோதுமை, பார்லி போன்றவற்றில் குறுக்கேற்றம் நுனிகளில் குவிகிறது. நடுவில் 2 சென்டிமார்கன் என்பது கோடிக்கணக்கான எழுத்துகளாக இருக்கலாம். அங்கே நாற்றின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, அதே மரபணுவை வேறொரு மூலத்திலிருந்து எடுக்க முடியுமா என்று பார்ப்பது மலிவு.

நோய் எதிர்ப்பு மண்டலத்தில் சொல்லப்படும் மறுகூட்டிணைவும் இதுதானா?

வேறு. பி, டி வெள்ளணுக்கள் தங்கள் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டி எதிர்ப்பொருள் வகைகளை உண்டாக்குகின்றன. சுசுமு டோனெகாவா 1976இல் நிறுவி 1987இல் நோபல் பெற்றது அதற்காக. அது உடல் செல்லில் நடப்பது, ஒத்த குரோமோசோம் தேவையில்லை, வெட்டும் நொதிகளும் வேறு. பிள்ளைக்கும் போகாது.